காரின் வாரும் கப்பியும்

கிணற்றடியில் கப்பியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். புணேயில் நாம் ஓட்டும் காரின் எஞ்சினிலும் கப்பிகள் உண்டு. வளைதண்டின் முனையிலுள்ள கப்பி சுழல, அதைத் தழுவிய வார் மின்னாக்கியையும், பல வண்டிகளில் நீர்ப்பம்பையும் சேர்த்துச் சுழற்றுகிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கப்பி ஒருமுறை சுற்றினால், 5 சென்டிமீட்டர் கப்பி மும்முறை சுற்றும். வார் தொய்யாதபடி இறுக்கிப் பிடிப்பதற்கும் ஒரு கப்பி உண்டு. அதன் பேரிங் தேய்ந்தால் கீச்சொலி எழும்.

அவ்வொலியை அசட்டை செய்து, கண்டாலாவை அடுத்த போர்காட் மலையேற்றத்தில் சென்றோமானால், வார் அறுந்து, குளிர்நீரோட்டம் நின்று, எஞ்சின் கொதித்துக் கெடக்கூடும். பேட்டரி விளக்கு எரிந்து, வெப்பமுள்ளும் ஏறினால், உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்போம். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறவோம். விடுமுறைக்கு ஊர் புறப்படுமுன் வாரில் வெடிப்பு உண்டா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை.