கைக்கடிகாரம் சர்க்கரையைக் காட்டுமா?

ஐப்பசி மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்துவிட்டால், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் பகல் வேளையில் ஒருவரையும் வீட்டில் காண்பது அரிது. ஈரம் காயுமுன் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் கரிசல் மண்ணில் விழுந்தாக வேண்டும். அத்தகைய நாள் ஒன்றில் நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறோம்.

அக்குடும்பத் தலைவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். அன்று காலையில் ஊசியை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, பெயருக்கு இரண்டு இட்லி உண்டு, காட்டுக்குச் சென்றுவிட்டார். பத்து மணியளவில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சும் குழறியது. வெயிலின் கொடுமை என்றே உடனிருந்தோர் எண்ணினர். கஞ்சி கொண்டுவந்த மனைவிதான் நிலைமையை உணர்ந்து, சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் அவர் தெளிந்தார்.

செய்தி கேட்ட மகன் துபாயிலிருந்து தொலைபேசியில் பேசினார்: “அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்புகிறேன். சர்க்கரை எவ்வளவு என்று அதுவே காட்டுமாம்.” அந்தத் தாய் நம்மிடம் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார். “வாட்சைக் கட்டிக்கொண்டால் மட்டும் போதுமா ஐயா? அவர் காட்டுக்குப் போனையே கொண்டுபோக மாட்டாரே, அப்போதும் அது காட்டுமா?” பல குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய கேள்விகள் இவை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளர் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர். தமிழகத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உண்டு.

அளப்பது எது? காட்டுவது எது?

முதற் கேள்விக்கு விடை: கடிகாரம் தானாகச் சர்க்கரையை அளப்பதில்லை. அளப்பது சென்சார் என்னும் சிறு வில்லை. அதை மேற்கையில் ஒட்டிக்கொள்வர். அதிலிருந்து மயிரிழை போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியில் இருந்து, திசுக்களுக்கிடையே ஊறும் நீரிலுள்ள குளுக்கோசை இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கும். அந்த அளவு புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குச் செல்லும்; கைப்பேசி அதைக் கடிகாரத்துக்கு அனுப்பும். கடிகாரம் இங்கே ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே.

சென்சாரே வேண்டாம், கட்டிக்கொண்டால் போதும் என்று கூறிக் கடிகாரங்களும் மோதிரங்களும் விற்கப்படுகின்றன. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி வழங்கியதில்லை என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அத்தகைய பொருள் காட்டும் பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினாலோ குறைத்தாலோ உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஒரு தந்தையின் முயற்சி

சர்க்கரை அளவைத் தொலைவிலிருந்து காணும் வழி ஒரு வீட்டுக் கவலையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் காஸ்டிக் என்பவரின் நான்கு வயது மகனுக்கு 2012-இல் முதல் வகைச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. மகன் பள்ளியிலும் தாம் பணியிடத்திலும் இருக்கையில், அவனது அளவை அறிய வழியில்லையே என்று அவர் வருந்தினார். கணினி நிரல் எழுதத் தெரிந்த அவர், 2013-இல் சென்சார் தரும் அளவை இணையத்துக்கு அனுப்பத் தாமே வழி செய்தார். பிற பெற்றோரும் கைகோத்தனர். ‘நைட்ஸ்கவுட்’ என்னும் பொதுத் திட்டம் உருவாயிற்று. பெற்றோர் தம் மணிக்கட்டிலேயே பிள்ளையின் அளவைக் கண்டனர். ஆயினும், இடையில் கைப்பேசியும் இணையமும் தேவைப்பட்டன.

கைப்பேசி இல்லாமல்

இனி இரண்டாம் கேள்வி. கைப்பேசியின் துணையின்றிச் சென்சாரிலிருந்து நேரே கடிகாரத்துக்கு அளவு வரும் வசதியை, டெக்ஸ்காம் நிறுவனம் தன் ஜி7 சென்சாருக்கும் ஆப்பிள் கடிகாரத்துக்கும் இடையே 2024-இல் சில நாடுகளில் அறிமுகப்படுத்தியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய எண் வரும். அளவு மிகத் தாழ்ந்தால் கடிகாரமே எச்சரிக்கும். புளூடூத்துக்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. ஆகவே சிக்னல் கிடைக்காத புஞ்சைக் காட்டிலும் இது வேலை செய்யும்.

எனினும் சிலவற்றை மறத்தலாகாது. தொடக்கத்தில் எல்லாவற்றையும் இணைத்து அமைக்க ஐபோன் வேண்டும். எல்லாச் சென்சாருக்கும் எல்லாக் கடிகாரத்துக்கும் இவ்வசதி கிடையாது. கைப்பேசியை அருகில் கொண்டுசென்று படிக்கவேண்டிய சென்சார்களும் உள்ளன. கடிகாரத்தில் சார்ஜ் தீர்ந்தால் காவலும் தீர்ந்தது. கைப்பேசி வீட்டில் கிடக்கும்போது, துபாயிலிருக்கும் மகனுக்கும் அளவு போய்ச்சேரும் என்று நம்பியிருத்தல் கூடாது. சென்சாரின் விலையோ சில ஆயிரம் ரூபாய். அதையும் குறித்த நாட்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எனவே வாங்குமுன், அது இங்கே கிடைக்குமா, எந்தக் கடிகாரத்தோடு இணையும் என்பவற்றை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை.

மேலும், சென்சார் காட்டும் அளவு இரத்தத்தின் அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். உடல் சொல்வதும் எண் சொல்வதும் முரண்பட்டால், விரலில் குத்தி இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும்.

எல்லா வீட்டிலும் இருக்கவேண்டியது

அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பையில் இருக்கிறதே என்று இருந்துவிடலாகாது. கடலையின் கொழுப்புச் சத்து, இனிப்பு இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். சோதிக்கும் கருவி வாங்க வசதியில்லாதோர் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை நோய்க்கான மருந்தை வீட்டிற்கே கொண்டுவருகிறது.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கவேண்டாம் என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினார். இப்போது அவர் கணவர் வயிறார உண்ணாமல் காட்டுக்குப் போவதில்லை, தனியாகவும் போவதில்லை. சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கிறது. உடன் வேலை செய்வோர்க்கும் அது எதற்கென்று தெரியும். நாளை அவர் கையில் கடிகாரம் ஏறினாலும், அந்தப் பொட்டலம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். எண்ணைக் காட்டக் கருவி போதும். அது தாழும்போது சீனியைக் கரைத்துக் கொடுக்க அருகில் ஒருவர் வேண்டுமல்லவா?