கோலியாத்து எங்கே நிற்கிறான்?

தாவீது – கோலியாத்து கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கவணும் கல்லுமாகப் போய், கவசம் பூண்ட ராட்சதனை வீழ்த்துகிறான். எளியவன் வலியவனை வெல்லும் கதையென்றே வாசித்துப் பழகியிருக்கிறோம். மறுமலர்ச்சிக் காலமும் அதற்குப் பின்வந்த பரோக் காலமும் இந்த ஒரே வீரனைக் கல்லில் எப்படிச் செதுக்கின என்று ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தாவீதின் உடம்பை மட்டுமே பார்க்கிறார்கள். கோலியாத்து எங்கே நிற்கிறான் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரித் திறந்துகொள்கிறது.

15ஆம் நூற்றாண்டில் டொனாடெல்லோ வெண்கலத்தில் வார்த்த தாவீதின் காலடியில் கோலியாத்தின் வெட்டுண்ட தலை கிடக்கிறது. சண்டை முடிந்துவிட்டது. 1501 – 1504இல் மைக்கேல் ஆஞ்சலோ செதுக்கிய பளிங்குத் தாவீதிடம் அந்தத் தலை இல்லை; சண்டை இன்னும் தொடங்கவேயில்லை. ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட உயரம். எடை முழுவதும் வலது காலில். கவண் இடது தோளில் சும்மா கிடக்கிறது. ஓய்வாக நிற்கிறான் என்று தோன்றும். கிட்டப் போனால் புருவம் நெரிந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, வலது கை அளவுக்கு மீறிப் பெரிது. அவன் பார்வை போகிற தூரத்தில் எங்கோ கோலியாத்து இருக்கிறான். செயலுக்கு முந்திய கணத்தில், யோசித்து முடிவெடுக்கிறவனாக மனிதனை வைத்துப் பார்த்தது மறுமலர்ச்சி.

1623 – 24இல் ரோமில் பெர்னினி செதுக்கிய தாவீதுக்கு யோசிக்க நேரமில்லை. ஆளுயரம்தான். இடுப்பு முறுக்கேறித் திரும்பியிருக்கிறது, உதடு கடிபட்டிருக்கிறது, கவண் இழுபட்டு நிற்கிறது. அடுத்த நொடி கல் பறக்கும். சவுல் ராஜா கொடுத்து இவன் வேண்டாமென்று கழற்றிப்போட்ட கவசம் காலடியில் கிடக்கிறது. கோலியாத்து எங்கே? நாம் நிற்கிற இடத்தில். நம் தலைக்குப் பின்னாலோ, அல்லது நாமேயோ. சிற்பத்துக்கும் பார்வையாளனுக்கும் நடுவிலிருந்த வெளியைப் பரோக் இப்படிச் சிற்பத்துக்குள் இழுத்துக்கொண்டது.

இங்கே நம்மில் பலருக்கு ஒரு முடிவு சட்டென்று தோன்றும். முன்னது சமநிலை, ஒழுங்கு, ஆகவே அதிகாரத்தின் அழகியல். பின்னது கொந்தளிப்பு, மீறல், ஆகவே கலகத்தின் அழகியல். வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. அமைதியாக நிற்கிற தாவீதைத்தான் 1504இல், மெதிச்சி குடும்பத்தை விரட்டிப் பத்தாண்டுகளே ஆகியிருந்த ஃப்ளாரன்ஸ் குடியரசு, தன் ஆட்சி மன்றத்தின் வாசலில் நிறுத்தியது. சிலையை இழுத்துவரும்போதே இரவில் அதன்மேல் கல் எறிந்தார்கள். மெதிச்சிகள் மறுபடியும் விரட்டப்பட்ட 1527 கலவரத்தில் அதன் இடது கை உடைந்தது. கொந்தளிக்கிற தாவீதோ கார்டினல் சிப்பியோனே போர்கேசேயின் மாளிகைக்குப் போனான். அந்த முகம் பெர்னினியின் சொந்த முகம் என்றும், கோபத்தில் சுளித்த முகத்தைப் பார்த்துச் செதுக்குவதற்காக, பிற்பாடு போப் எட்டாம் உர்பன் ஆன கார்டினலே கண்ணாடி பிடித்தார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கலகக்காரன் முகத்துக்கு அதிகாரம் கண்ணாடி பிடிக்கிறது! கதை உண்மையோ பொய்யோ, அந்த உறவு உண்மை.

இதனால் மைக்கேல் ஆஞ்சலோவின் சிலை புனிதமாகிவிடாது. 1530இல் குடியரசு வீழ்ந்தது. மெதிச்சிகள் பிரபுக்களாகத் திரும்பி வந்தார்கள். சிலையை அவர்கள் உடைக்கவில்லை. 1873வரை அது அதே வாசலில்தான் நின்றது. எதிரியின் இடத்தைக் காலியாக விட்ட சிலைக்குப் புதிய எஜமானன் தனக்கு வேண்டிய கோலியாத்தைச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

வடிவத்தின் ஆவேசத்தை அரசியலின் ஆவேசமாக எடுத்துக்கொள்கிற பழக்கம் எழுத்திலும் நமக்கு உண்டு. வாக்கியம் சிதறினால் கலகம், நிதானமாக இருந்தால் சமரசம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஒரு பிரதி எவ்வளவு வேகமாகக் கவணைச் சுழற்றுகிறது என்பதோடு, யார் வீட்டுக்குள் நின்று, யாரைப் பார்த்துச் சுழற்றுகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.