தழைக்கு ஒரு கரைசல், காய்க்கு ஒரு கரைசல்

ஓல்டன் நகரிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் சிறு நிலத்துண்டொன்றை வாடகைக்கு எடுத்துத் தோட்டம் செய்யும் எம்மவரிடையே, ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் எழும் முறைப்பாடு ஒன்றுண்டு. மிளகாய்ச் செடி இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கிறது, காயைத்தான் காணவில்லை. கத்தரி பூக்கிறது, பூ உதிர்கிறது. தக்காளியோ பந்தலை மூடிப் படர்ந்து, செப்ரெம்பர் மழையில் பச்சைக் காய்களுடனேயே கருகிப்போகிறது. உடனே இந்த நாட்டின் குளிரைக் குறை கூறுகிறோம். குளிருக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பல தோட்டங்களில் உண்மையான காரணம் பசளை வாளிக்குள்ளேயே இருக்கிறது. முளைத்த நாள் முதல் காய்க்கும் நாள் வரை ஒரே கரைசலை, அதுவும் தாராளமாக, ஊற்றிக்கொண்டிருப்பதே அக்காரணம்.

ஊரிலே இத்தவறு அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. செடி இரண்டு மாதம் தழைத்துக் கிடந்தாலும் பின்னர் காய்த்துத் தீர்க்க நாள் உண்டு. இங்கே மே 11 முதல் 15 வரையான நாட்களை ஐஸ்ஹைலிகன், அதாவது பனிப் புனிதர்களின் நாட்கள், என்று சுவிஸ் விவசாயிகள் அழைப்பர். அந்நாட்கள் கழியும் வரை மிளகாயையும் கத்தரியையும் வெளியே நடுவது பெரும் துணிச்சல். ஒக்ரோபரில் ஆரே பள்ளத்தாக்கை மூடுபனி மூடத் தொடங்கிவிடும். ஆகவே எமக்குக் கிடைப்பது ஐந்து மாதங்களுக்கும் குறைவான காலம். அதற்குள் செடி வளரவும் வேண்டும், பூக்கவும் வேண்டும், காய் முற்றவும் வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய உணவை உரிய வாரத்தில் கொடுப்பவருக்கே இங்கு காய் கிடைக்கும்.

செடி பெருமளவில் வேண்டும் சத்துக்கள் மூன்று. இலையும் தண்டும் வளர நைதரசன். வேருக்கும் பூவுக்கும் பொசுபரசு. காய் பருக்கவும் தண்டு உறுதிபெறவும் பொற்றாசியம். நைதரசன் அளவுக்கு மிஞ்சினால் செடி தழைப்பதையே தொழிலாகக் கொள்ளும், பூப்பதைத் தள்ளிப்போடும். அதன் இலை மென்மையாவதால் சாறுறிஞ்சும் பூச்சிகளும் பூஞ்சண நோய்களும் எளிதில் பற்றும். இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டால் மீதியெல்லாம் அளவுக் கணக்குத்தான்.

தழைப் பருவத்துக்கு இந்த நாட்டில் காசின்றிக் கிடைப்பது பிறென்நெசல். பட்டவுடன் எரியும் இச்செடியைக் கண்டு எம்மவர் பலர் காஞ்சோண்டி என்றே விலகிப் போவர். குணம் ஒன்றெனினும் இது வேறு செடி. ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் ஏப்ரல் மாதம் முதல் தாராளமாக வளரும். கையுறை அணிந்து, விதை பிடிக்குமுன் வெட்ட வேண்டும். ஓல்டன் புகையிரதச் சந்தியல்லவா? எங்கும் தண்டவாளங்கள். அவற்றின் ஓரத்தில் வளர்வதைத் தொடாதீர்கள், களைகொல்லி பட்டிருக்கக்கூடும். வேறிடத்திலும் முழுவதையும் வெட்டிவிட வேண்டாம். சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு இதுவே உணவு.

பச்சை இலையும் தண்டுமாக ஒரு கிலோவை நறுக்கிப் பத்து லீற்றர் நீரில் ஊறவிட வேண்டும். மழைநீராயின் நன்று. வாளி பிளாஸ்ரிக்காகவோ மரமாகவோ இருக்கட்டும், உலோகம் ஆகாது. காற்றுப் புகும்படி வலையால் மூடி, நாளுக்கொரு தடவை தடியால் கலக்க வேண்டும். நுரை எழும், நாற்றமும் எழும். வெயில் நாட்களில் பத்து முதல் பதினான்கு நாட்களில் நுரை அடங்கிக் கரைசல் கறுக்கும். ஏப்ரல் குளிரில் மூன்று வாரமும் ஆகலாம். நுரை அடங்கினால் தயார் என்று கொள்க. நாற்றத்தைக் குறைக்கக் கல்மாவு ஒரு கைப்பிடி தூவலாம். ஸ்ரைன்மேல் என்ற பெயரில் தோட்டக் கடைகளில் கிடைக்கும். பக்கத்துத் தோட்டக்காரரின் மேசைக்கு அருகில் வாளியை வைத்துவிட்டு, 'இவர்களுக்கு எங்களைப் பிடிக்காது' என்று பின்னர் கவலைப்படுவதில் நியாயமில்லை. சனிக்கிழமை பிற்பகல் அவர்கள் இறைச்சி வாட்டும் வேளையில் வாளியைக் கலக்காதிருப்பதும் அயலுறவின் ஒரு பகுதியே.

காய்ப் பருவத்துக்கு உரியது பைன்வெல். அகன்று சொரசொரத்த இலையும் ஊதா அல்லது வெண்ணிறப் பூவும் உடையது. ஆழ வேர்விட்டு இலையிலே பொற்றாசியத்தைச் சேர்த்துவைக்கும். தோட்டத்தின் ஒரு மூலையில் இரண்டு செடி நட்டால் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வெட்டலாம். ஆனால் இடத்தை யோசித்து நடுங்கள். வேரூன்றிய பின் அகற்றுவது கடினம். கரைசல் செய்யும் முறையும் அளவும் மேற்சொன்னவையே. இதன் இலையைக் கீரையெனச் சமைத்துவிட வேண்டாம். ஈரலுக்குத் தீங்கு செய்யும் பொருள் இதில் உண்டு.

இனிப் பருவங்களுக்கு வருவோம்.

மிளகாய், கத்தரி விதைகளைப் பெப்ரவரி இறுதியில் வீட்டுச் சாளரத்தடியில் விதைக்கிறோம். முதலிரு வித்திலைகளுடன் நிற்கும் நாற்றுக்கு எந்தப் பசளையும் தேவையில்லை. உண்மையிலை நான்கு வந்த பின்னரே சிறிது கொடுக்கலாம். புளித்த கரைசலை வீட்டினுள் பயன்படுத்துவது எவராலும் தாங்கக்கூடியதன்று. அதற்குப் பதிலாக உலர்ந்த பிறென்நெசல் இலையை ஒருநாள் மட்டும் நீரில் ஊறவைத்து வடித்துக்கொள்ளலாம். வலு குறைவு, நாற்றமும் குறைவு. நாற்றுக்கு அது போதும்.

மே நடுப்பகுதியில் நடும்போது, குழியில் இரண்டு கைப்பிடி முதிர்ந்த கூட்டெரு இடுங்கள். பொசுபரசு இதிலிருந்துதான் வர வேண்டும். மேற்சொன்ன இரு கரைசல்களிலும் அது சொற்பம். நட்டு இரண்டு வாரம் வெறும் நீர் மட்டும். வேர் புது மண்ணைப் பற்றிய பின், யூன் மாதத்தில், பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை பிறென்நெசல் கரைசல். பத்து லீற்றர்ப் பூவாளியில் ஒரு லீற்றர்ப் பால் பெட்டி அளவு கரைசலை விட்டு மிகுதியை நீரால் நிரப்பினால் அளவு சரி. இளஞ்செடிக்கு அரைப் பெட்டி. செடிக்கு ஒரு லீற்றர் போதும். உலர்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். முதலில் நீர் பாய்ச்சி, பின்னர் மந்தாரமான வேளையில் வேரடியில் விடுங்கள். கொளுத்தும் வெயிலில் இலைமேல் பட்டால் இலை கருகும்.

முதல் மொட்டுத் தெரியும் நாளே முக்கியமான நாள். அன்று வாளியை மாற்ற வேண்டும். ஒரு தடவை இரண்டு கரைசலையும் பாதிக்குப் பாதி கலந்து, அதே பத்திலொரு அளவில் கொடுங்கள். அடுத்த தடவையிலிருந்து பைன்வெல் மட்டும், பத்து நாட்களுக்கொருமுறை. செடி கொழுத்து நிற்கும் அழகைக் கண்டு மனம் கேளாமல் மீண்டும் பிறென்நெசல் வாளியை நாடுவோர் உண்டு. அங்கேதான் காய் போய்விடுகிறது.

ஓகஸ்ட் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அதன் பின் வரும் புதுப் பூக்கள் இந்த நாட்டில் காயாவதில்லை. அவற்றைக் கிள்ளிவிட்டால் நின்ற காய் முற்றும்.

எல்லாப் பயிருக்கும் இக்கணக்குப் பொருந்தாது. பயற்றை, போஞ்சி, பட்டாணி என்பன வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் துணையால் காற்றிலிருந்தே நைதரசனைப் பெறுவன. அவற்றுக்குப் பிறென்நெசல் வேண்டாம். வெங்காயத்துக்கும் வேண்டாம். முளைக்கீரை போன்றவற்றுக்குக் கொடுக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் மிகுதி நைதரசன் நைத்திரேற்றாக இலையில் தேங்கும். பல்கணியில் சாடியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு மீன் கழுவிய நீர் விடுவது எமது ஊர் வழக்கம். அடுக்குமாடியில் அது ஈயையும் பூனையையும் அழைக்கும். நன்கு ஐதாக்கிய பைன்வெல்லும் பிறென்நெசலும் கோடையில் மாறி மாறிக் கொடுத்தால் போதும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை அது வீட்டினுள் உறங்கும் காலம். அப்போது பசளை கொடுப்பது உறங்குபவரை எழுப்பி உணவூட்டுவது போன்றது.

பஞ்சகவ்யம் பற்றிக் கேட்போரும் உண்டு. தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டம் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் நடராசன் பயிருக்கென இதனை வகுத்துப் பரப்பினார்; நம்மாழ்வார் போன்ற இயற்கை வேளாண்மையாளரும் ஊரூராக எடுத்துச் சென்றனர். சாணம், கோமூத்திரம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்துடன் வெல்லம், இளநீர், வாழைப்பழம் சேர்த்து ஒரு மாதம் புளிக்கவைப்பர். நூறு லீற்றர் நீருக்கு மூன்று லீற்றர் என்பது தெளிக்கும் அளவு. அங்கும் பருவக் கணக்கு உண்டென்பதைக் கவனியுங்கள்: பூக்குமுன் பதினைந்து நாட்களுக்கொருமுறை, பூத்துக் காய் பிடிக்கும்போது பத்து நாட்களுக்கொருமுறை, காய் முற்றும்போது ஒரே தடவை. முறை நல்லதே. ஆனால் ஒரு கிலோ நெய்யை வாளியில் கொட்டும் வசதி இங்கு எம்மில் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? தவிரவும், பச்சைச் சாணம் கலந்த கரைசலைப் பச்சையாக உண்ணும் இலைகளில் தெளிப்பது நோய்க் கிருமிகளுக்கு வழிவிடும்.

கோமூத்திரத்தைக் கேட்டு மூக்கைச் சுளிக்கும் எமது இளையோருக்கு ஒரு செய்தி. சூரிச்சுக்கு அருகில் டூபென்டோர்ஃபில் இயங்கும் எயாவாக் நீராய்வு நிறுவனத்தில் பிறந்த முறைப்படி, மனித சிறுநீரிலிருந்தே ஔறின் எனும் திரவப் பசளை தயாராகிறது. 2018இல் உணவுப் பயிர்களுக்கும் பயன்படுத்தச் சுவிஸ் அரசு அதற்கு அனுமதி அளித்தது.

திரவப் பசளையால் எல்லாம் முடியும் என்றும் எவரும் எண்ணிவிடக்கூடாது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, நாடு முழுவதையும் சேதனப் பசளைக்கு மாறச் சொன்னது. போதிய கூட்டெரு எங்கும் இருக்கவில்லை. ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போக நெல் விதைப்புக் காலம் குழம்பிவிட்டது. 1990களில் யூரியாவுக்குத் தடைவிதிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், பூவரசங் குழையையும் ஆட்டெருவையும் கொண்டு தோட்டத்தைக் காத்தவர்கள் எமது பெற்றோர். மண்ணுக்குக் குழையும் எருவும் இட்டு அதன்மேல் கரைசல் ஊற்றினால்தான் பலன். வெறும் மண்ணில் ஊற்றும் கரைசல் பட்டினி கிடப்பவருக்குத் தேநீர் கொடுப்பதற்குச் சமம்.

இறுதியாக, அளவு பற்றி. இதனைக் காய்க்காக மட்டும் நாம் வலியுறுத்தவில்லை. செடி உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி மழையுடன் கீழிறங்கும். அது யூரியாவிலிருந்து வந்ததா சாணத்திலிருந்து வந்ததா என்று நிலத்தடி நீர் கேட்பதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. அங்கே தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைத்திரேற்று மீறியிருந்ததை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பால்மாவைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் நீர் அது. மிகையான நைத்திரேற்று கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். தண்ணீர் இனிப்பென்று பெருமை பேசிய கிணறுகளும் இதற்கு விலக்கல்ல.

இங்கே ஓல்டனுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கொய் எனப்படும் சமவெளியிலும் இதே கதைதான். அதன் சரளை மண்ணுக்குக் கீழுள்ள நீரில் நைத்திரேற்று, சுவிஸ் விதி கோரும் 25 மில்லிகிராம் அளவுக்கு மேலே போனது. 2000ஆம் ஆண்டு முதல் சொலத்தூண் மாநிலம், பயிரிடும் முறையை மாற்றும் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து அந்நீரைக் காக்க முயன்று வருகிறது. செடி உறிஞ்சக்கூடிய காலத்தில் மட்டுமே நைதரசன் பசளை இடலாம் என்பது இந்நாட்டில் சட்டம். உறைந்த நிலத்திலும் பனி மூடிய நிலத்திலும் ஊற்றுவது குற்றம். குடும்பத் தோட்டக்காரருக்கும் இது பொருந்தும்.

ஆகவே செப்ரெம்பரில் வாளியில் மிஞ்சும் கரைசலை, 'வீணாகக் கூடாது' என்று வெறும் பாத்தியிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாதீர்கள். உலர்ந்த இலையும் வைக்கோலும் அதிகமுள்ள கூட்டெருக் குவியல்மேல் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அடுத்த வைகாசியில் நடும் குழிக்கு அதுவே வந்து சேரும். காலியான பாத்தியில் ஒக்ரோபருக்கு முன் வின்ரர்றொக்கன் எனும் குளிர்கால றை தானியத்தைத் தூவிவிடலாம். மண்ணில் மிஞ்சிய நைதரசனை அது பிடித்துவைக்கும். இளவேனிலில் வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடலாம். வாளியைக் கழுவிய நீரும் குவியலுக்கே.