மா பூக்கும் பருவமும் தத்துப்பூச்சியும்

மார்கழி, தை மாதங்களில் மாமரம் பூத்துக் குலுங்குவதைக் காண்போர் உள்ளம் மகிழ்கிறது. ஆயினும் பூத்தவை யாவும் காய்ப்பதில்லை. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருப்பினும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண் பூக்களே. எஞ்சியவற்றிலும் மிகச் சிலவே முற்றிய காய்களாகின்றன. அச்சிலவற்றிற்கும் கேடு செய்வது தத்துப்பூச்சி. அதன் பெருக்கத்தை உரிய காலத்தில் கண்டறியும் முறையை இங்கே விளக்குவோம்.

தோப்புள்ள கிராமங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. மயிலாப்பூரின் பழைய வீட்டுக் கொல்லைகளிலும், 1920-களில் மாம்பலம் ஏரிப் பரப்பில் எழுந்த தியாகராய நகரிலும், அடையாற்றிலும் மாமரங்கள் இன்றும் உள்ளன. இப்பகுதிகளை அடுத்த தேனாம்பேட்டையில் 1835-ஆம் ஆண்டிலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. வீட்டில் ஒரு மரம், தோப்பில் நூறு மரம். கண்காணிக்கும் முறை இரண்டிற்கும் ஒன்றே.

பூச்சியின் இயல்பு

தத்துப்பூச்சி நெல்மணியினும் சிறியது. தலைப்பக்கம் அகன்று, பின்பக்கம் குறுகி, ஆப்புப் போல் இருக்கும். பூவில்லாக் காலத்தில் மரப்பட்டை இடுக்குகளில் தங்கும். பூங்கொத்து தலைகாட்டியதும் மொட்டுகளிலும் காம்புகளிலும் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சுகளும் தாய்ப்பூச்சிகளும் சாற்றை உறிஞ்சுவதால் பூக்கள் வாடி உதிர்கின்றன. அவை கழிக்கும் இனிப்பு நீர் இலைகளில் படிந்து பிசுபிசுக்கும். அதன்மேல் கரும்பூசணம் படரும். காற்றும் வெயிலும் புகாத அடர்ந்த மரங்களையே இப்பூச்சி பெரிதும் நாடும். நகரத்தில் உயர்ந்த சுவர்களுக்கிடையே நிற்கும் மரங்களில் விழிப்பு மிகவும் தேவை.

கண்காணிக்கும் முறை

பூங்கொத்து அரும்பத் தொடங்கிய நாள்முதல் வாரம் இருமுறை காலையில் மரத்தைப் பார்த்தல் வேண்டும். தோப்பின் ஓரத்திலும் நடுவிலுமாகப் பத்து மரங்களைத் தேர்ந்து, மரத்திற்கு நான்கு திசையிலும் ஒவ்வொரு பூங்கொத்தைச் சோதிக்கலாம். கொத்தின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லத் தட்டினால் பூச்சிகளும் குஞ்சுகளும் அதில் விழும்; இலைப்பேன் இருந்தாலும் தெரியும். தத்தும் பூச்சிகள் விரைவில் தப்பிவிடுமாதலால், தட்டுமுன் கொத்தில் இருப்பவற்றையும் எண்ணிக்கொள்ள வேண்டும். வீட்டு மரத்தின் உயர்ந்த கிளைகளை மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம்.

எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிச் சராசரி காண்க. நாற்பது கொத்துகளில் 240 பூச்சிகள் இருப்பின் கொத்துக்கு ஆறு. சராசரி ஐந்து முதல் பத்து வரை எட்டினால் நடவடிக்கை எடுக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் மருந்து வேண்டுவதில்லை, கண்காணிப்பே போதும்.

மருந்தும் மகரந்தமும்

தெளிப்பதற்கு ஏற்ற காலம், பூங்கொத்து வெளிவந்து பூக்கள் விரியாத நிலையாகும். அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, பத்து லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூச்சி மிகுந்து வேறு மருந்து தேவைப்பட்டால், வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கலந்தே பயன்படுத்துதல் வேண்டும். கிணறும் குழந்தைகளும் உள்ள வீட்டு முற்றத்தில் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது.

பூக்கள் விரிந்தபின் மருந்து தெளித்தலாகாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களுமே. அவை மடிந்தால், தத்துப்பூச்சி ஒழிந்தும் காய் பிடிக்காது. செலவும் செய்து விளைச்சலையும் இழப்பதே மிச்சம். பழ ஈக்கு வைக்கும் மீத்தைல் யூஜினால் பொறி தத்துப்பூச்சியைப் பிடிக்காது; அது காய் முற்றும் பருவத்திற்கு உரியது.

அறுவடை முடிந்ததும் நெருங்கிய கிளைகளைக் கவாத்துச் செய்து காற்றும் ஒளியும் புக வழி செய்தால், அடுத்த ஆண்டில் பூச்சியின் தொல்லை பெரிதும் குறையும். ஒரு வெள்ளைத் தாள், ஒரு குறிப்பேடு, வாரத்தில் சிறிது நேரம் ஆகியவையே இதற்கு வேண்டிய முதல். பள்ளிச் சிறுவரும் செய்யத்தக்க இவ்வேலையை இப்பூப்பருவத்திலேயே ஒவ்வொரு குடும்பமும் தொடங்குமாக!