வலவனும் வானூர்தியும்

பன்விலவில் எம் பள்ளியில் ஒருநாள் புறநானூற்றின் 27-ஆம் செய்யுளை நடத்திக்கொண்டிருந்தேன். புலவர் பாடும் புகழ் பெற்றோர், ஓட்டும் வலவன் இல்லாத வானூர்தியில் விண்ணுலகு ஏகுவர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குக் கூறும் இடம் அது. மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, ஆளில்லா விமானம் இன்று வந்துவிட்டதே! பின்னும் புதிய போர்விமானங்களில் ஆளை ஏற்றுவது ஏன்?"

வினா எளிது; விடை எளிதன்று. மனிதன் ஏறினால் அவனுக்கு மூச்சுவாயு வேண்டும். ஆபத்தில் அவனை வெளியே வீசும் இருக்கை வேண்டும். விமானம் விரைந்து திரும்புங்கால் அவன் எடை ஒன்பது மடங்காகும். அதற்கு மேல் உடல் தாங்குதல் அரிது.

இந்தியா வகுத்துவரும் 'ஆம்கா' விமானத்தைக் காண்போம். ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய்ச் செலவில் அதனை உருவாக்க 2024 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. ரேடாருக்கு எளிதிற் புலப்படாமை அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அதற்காகப் படைக்கலங்களை வயிற்றினுள் மறைத்தல் வேண்டும். மறைத்தால் ஏற்றும் அளவு குறையும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழத்தலே வடிவமைப்பு. எஞ்சினை மறத்தலும் ஆகாது. 1961-இல் முதன்முதல் பறந்த இந்தியாவின் 'மாருத்', அழகிய உடல் பெற்றும் வலிய எஞ்சின் வாய்க்காமையால் கருதிய விரைவை எட்டவில்லை.

2025 மார்ச்சில் அமெரிக்கா அறிவித்த எஃப்-47 விமானமும் ஆளேறுவதே. ஆளில்லா விமானங்கள் அதற்குத் துணையாகப் பறக்கும் என்கின்றனர். இனி வலவனின் பெரும்பணி ஓட்டுதல் அன்று. ஆராய்ந்து முடிவு செய்தல். ஆதலின், குவியும் செய்திகளை அவன் அறிவு தடுமாறாவண்ணம் தொகுத்துக் காட்டுதலே வடிவமைப்போர் முதற்கண் கருதத்தக்கது என்பேன்.

வலவன் இருப்பின் அறமும் இருக்கும் என்று நான் கூறேன். போர்க்காலத்தில் 'கிபிர்' விமானத்தின் ஓசை கேட்டுப் பதுங்குகுழி புகுந்த வடபுலத்துப் பிள்ளைகள் அதனை அறிவர். அவற்றுள்ளும் மனிதரே இருந்தனர். ஆயினும், மனிதனை நோக்கி "ஏன் செய்தாய்?" என வினவலாம், பொறியை அவ்வாறு வினவ இயலுமோ? விசையை அழுத்தாது மீளும் உள்ளமும் மனிதனுக்கன்றோ உண்டு?

நக்கிள்ஸ் மலைமீது முகில் இறங்கியது, மணியும் அடித்தது. மாணவன் விடவில்லை.

"அப்படியானால் செய்யுளில் மட்டும் வலவன் இல்லையே, ஐயா?"

"அது தம் வினையை முடித்தோர் ஏறும் ஊர்தி, தம்பி. நம் வினை இன்னும் முடியவில்லை, நமக்கு வலவன் வேண்டும்" என்றேன்.