ராகியும் ரோஜாவும் ஓசூருக்கு ஏன் வந்தன?

பிள்ளைகளே, வரைபடத்தில் சென்னையையும் ஓசூரையும் கண்டுபிடியுங்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஓசூர் 12.7 டிகிரி. அதாவது ஓசூர்தான் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே பக்கம். அப்படியானால் அங்கேதானே சூடு கூடுதலாக இருக்க வேண்டும்? ஆனால் சென்னையில் நடுநிசியிலும் வியர்த்துக் கொட்டுகிற கோடையில், ஓசூரில் பொழுது சாய்ந்ததுமே காற்று குளிர்ந்துவிடுகிறது. மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் போடாமல் அங்கே பள்ளிக்கூடம் போக முடியாது.

காரணம் உயரம். சென்னை கடலோரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறி, மேலுமலை தாண்டி, சூளகிரி வழியாக ஓசூர் போய்ச் சேர்வதற்குள், சுமார் 50 கிலோமீட்டரில் 400 மீட்டர் மேலே போய்விடுகிறோம். மலையேறிய மாதிரியே தோன்றாது. ஏனென்றால் போய்ச் சேர்கிற இடமும் பரந்த நிலம்தான். இதற்குத்தான் பீடபூமி என்று பெயர். கர்நாடகத்துப் பீடபூமி தமிழ்நாட்டுக்குள் நீண்டிருக்கும் ஓரம்தான் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி.

உயரே போனால் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம், சூடு ஏன் குறைகிறது? சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்தத் தூரத்தில் நமது 900 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. வெயில் காற்றை நேராகச் சூடாக்குவதும் குறைவு. அது நிலத்தைச் சூடாக்குகிறது, நிலம்தான் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும். மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரியும். விரியும் காற்று குளிரும். சைக்கிள் டயரின் வால்வை அழுத்திப் பாருங்கள். சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படும். காரணம் அதேதான். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஓசூருக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்: கிட்டத்தட்ட 6 டிகிரி. போதாததற்கு, உயரத்தில் காற்றும் நீராவியும் குறைவு என்பதால், பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் சீக்கிரமே வெளியேறிவிடுகிறது.

இப்போது ஆப்பிரிக்காவின் வரைபடத்தை எடுங்கள். கென்யாவில் கடற்கரையில் மொம்பாசா என்ற துறைமுகம் இருக்கிறது. புழுக்கமான ஊர். அங்கிருந்து உள்நாட்டுக்கு ஏறிப் போனால் நைரோபி. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் டிகிரி தள்ளியிருக்கும் அந்த நகரம் 1,600 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால், ஆண்டு முழுக்க இதமாக இருக்கிறது. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா இன்னும் உயரம், 2,300 மீட்டருக்கும் மேல். ஆப்பிரிக்கா என்றதும் பாலைவனமும் அடர்காடும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கண்டத்தின் கிழக்குப் பகுதி ஓசூரைப் போலவே வெயில் நாட்டுக்குள் குளிர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் என்பதைப் பாடப்புத்தகம் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

நாம் களி கிண்டும் ராகி பிறந்தது அந்த மேட்டுநிலத்தில்தான். எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மக்கள் காட்டுப்புல் ஒன்றை ஆண்டுக்காண்டு விதைத்து, நல்ல கதிர்களைத் தேர்ந்து தேர்ந்து ராகியாக்கினார்கள். கென்யாவில் இன்றும் ராகி மாவில் கூழ் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

அது இங்கே எப்படி வந்தது? 'முன்பு இந்தியாவும் ஆப்பிரிக்காவும் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன, அப்போதே வந்திருக்கும்' என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் அவை பிரியத் தொடங்கியது ஏறக்குறைய 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது மனிதனும் இல்லை, ராகியும் இல்லை. விதையை எடுத்து வந்தவர்கள் மனிதர்கள். குறைந்தது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது.

வந்த ராகிக்கு இந்த மண் பிடித்துப்போனது. இங்கே பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவை சிதைந்து உண்டான செம்மண்ணில் தண்ணீர் நெடுநாள் நிற்காது. மழையும் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான். நெல்லுக்குப் போதாத அந்த மழையில், ராகி மானாவாரியாகவே விளைந்துவிடும். ஊடுபயிராக அவரையும் துவரையும் போடுவார்கள். அவை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. காவேரிப்பட்டணத்துக்கு அருகில் பையூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், இந்த மண்ணுக்கென்றே பையூர் 1, பையூர் 2 என்ற ராகி ரகங்களைத் தந்திருக்கிறது. யானைகளுக்கும் ராகி என்றால் உயிர். கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டமாக இறங்கி, சானமாவு காட்டில் வந்து தங்கும். விவசாயிகள் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பார்கள்.

அதே குளிருக்காக வந்தது ரோஜா. இரவு குளிர்ந்தால் மொட்டு நிதானமாக வளரும். பூ பெரிதாகும், காம்பு நீளும். சூடான ஊரில் மொட்டு அவசரமாக விரிந்து சிறுத்துப்போகும். அதனால்தான் பாகலூர், பேரிகை, தளிப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்களாகத் தெரிகின்றன. உள்ளே தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம் பெயர்பெற்றது. பிப்ரவரி 14-ஆம் தேதிக்குப் பூ வேண்டுமானால் டிசம்பரிலேயே செடியைக் கவாத்து செய்துவிட வேண்டும். துளிர்த்துப் பூக்க ஏழு வாரம் ஆகும். பூக்கள் பெங்களூரிலிருந்து விமானத்தில் வெளிநாடு போகின்றன. அங்கே அவற்றுக்குப் போட்டி எந்த ஊர்ப் பூ தெரியுமா? கென்யாவில் 1,880 மீட்டர் உயரத்தில் உள்ள நைவாஷா ஏரிக்கரைப் பூ!

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. ராகி மழையைக் குடித்து வளர்வது. ரோஜாவுக்கோ தினமும் தண்ணீர் வேண்டும். நைவாஷாவில் அதை ஏரி தருகிறது, ஓசூரில் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறு. கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறந்து வரும் தென்பெண்ணை ஓசூரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆனால் அது பெருநகரக் கழிவுநீரையும் சுமந்து வருவதால், கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். ஆற்றைச் சுத்தமாக்குவது பெரியவர்கள் உடனே செய்ய வேண்டிய வேலை.

மழைநீரைப் பிடிப்பதை யாரும் தொடங்கலாம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய பசுமைக்குடில் கூரையில் ஓராண்டில் விழும் 800 மில்லிமீட்டர் மழை, 32 லட்சம் லிட்டர்! பக்கத்தில் ஒரு குட்டை வெட்டி, அடியில் தார்ப்பாய் விரித்தால் அதில் பெரும்பகுதியைச் சேமிக்கலாம். உங்கள் பள்ளிக்கூடக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். வந்த விடையை 800-ஆல் பெருக்கினால், ஓராண்டில் அந்தக் கூரையில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று தெரிந்துவிடும்.