கட்டிலுக்குக் கீழே முடங்கிய முதல்

மூன்று மாதங்களுக்கு முன் எனக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு புத்தகக் கட்டு. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் தமது ஊரின் வரலாற்றை நூலாக அச்சிட்டிருந்தார். வெளியீட்டு விழா சிறப்பாகவே நடந்திருந்தது. முதற் பிரதியைப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொண்டார், பொன்னாடை போர்த்தினார்கள், பத்திரிகையில் படமும் வந்தது. அதன் பிறகு?

“மிச்சம் முந்நூத்தம்பது பிரதி கட்டிலுக்குக் கீழ ஈக்குது மகன். ஒரு பத்த உங்கட கடையில வெச்சிப் பாருங்களே” என்றார்.

வியாபாரி என்ற முறையில் என் மனம் உடனே கணக்குப் போட்டது. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 600 ரூபா என்று வைத்துக்கொண்டாலும், 350 பிரதிகளில் 210,000 ரூபா முடங்கிக் கிடக்கிறது. நமது நாட்டில் தமிழ் நூல் எழுதுவோரில் பெரும்பாலானோர் தாமே செலவு செய்து அச்சிடுபவர்கள். நம் வியாபாரிகளிலும் அனுபவங்களையோ கவிதைகளையோ நூலாக்கியவர்கள் பலர். எழுதி முடிக்கும் வரை அவர் எழுத்தாளர். அச்சகத்துக்குக் காசு கட்டிய நாளிலிருந்து அவரும் ஒரு வியாபாரிதான். ஆனால், அவருக்குக் கடை இல்லை. இணையத்தளம்தான் அந்தக் கடை. அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

பெயர் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்

முதலில் வேண்டியது டொமைன் எனப்படும் இணைய முகவரி. இதை ஆண்டு தோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். நமது நாட்டுக்குரிய ‘.எல்கே’ முகவரியும் உண்டு, ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கும் 2010 இல் அங்கீகாரம் கிடைத்தது. நூலின் பெயரில் எடுப்பதைவிட ஆசிரியரின் பெயரில் எடுப்பது நல்லது. நாளை இரண்டாவது நூல் வந்தாலும் அதே கடையில் வைக்கலாம்.

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். என் கடைக்கு இணையத்தளம் செய்து தந்த இளைஞர் முகவரியைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்திருந்தார். நானும் அதைக் கேட்டு வைக்கவில்லை. அவர் வெளிநாடு போனார், புதுப்பிக்கும் நாள் தவறியது, முகவரி கைவிட்டுப் போனது. கலண்டரிலும் பைகளிலும் அச்சடித்த முகவரி அத்தோடு வீண். ஆகவே, யார் செய்து தந்தாலும் பதிவு உங்கள் பெயரிலும், கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

“பேஸ்புக் பக்கம் போதாதா?” என்று கேட்பீர்கள். விளம்பரத்துக்கு அது நல்லது. ஆனால், அது பிறர் காணி. இலவசமாக இணையத்தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 இல் மூடப்பட்டது. அங்கே கட்டியவர்களின் உழைப்பு அதோடு போயிற்று.

எழுத்துரு விடயத்தில் கவனம்

தமிழ் நூலாசிரியர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நமது அச்சகங்களில் நீண்ட காலமாகப் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினி அதை ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே வைத்திருக்கிறது. அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால் வாசகருக்குக் குழப்பமான எழுத்துகள்தான் தெரியும். கூகுளாலும் கண்டுபிடிக்க முடியாது. யுனிகோட் முறைக்கு மாற்றியே ஏற்ற வேண்டும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றிய பின் ஒரு தடவை பிழை பார்ப்பது அவசியம்.

அட்டைப் படத்தை மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடவும் கூடாது. நூலின் பெயர், ஆசிரியர், ஊர், எதைப் பற்றியது, எத்தனை பக்கம், ஐ.எஸ்.பி.என். இலக்கம் ஆகியவற்றை எழுத்தாகவும் தாருங்கள். பலர் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவதால் நூலின் பெயரை அவ்வாறும் ஒரு தடவை எழுதுங்கள். படங்களின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். வருபவர்களில் அதிகமானோர் கைத்தொலைபேசியில்தான் பார்ப்பார்கள். பக்கம் திறக்கத் தாமதித்தால் போய்விடுவார்கள்.

கொஞ்சம் ருசி பார்க்க விடுங்கள்

துணியைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஓர் அத்தியாயத்தை முழுதாக இலவசமாக வாசிக்கக் கொடுங்கள். அமெரிக்காவின் அன்டி வியர் ‘த மார்ஷியன்’ நாவலைத் தமது இணையத்தளத்திலேயே அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். வாசகர்கள் பிழைகளையும் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் கேட்டதனால் 2011 இல் மின்னூலாக 99 சதத்துக்கு விற்றார். 2014 இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை அச்சில் வெளியிட்டது. 2015 இல் திரைப்படமாகவும் வந்தது. எல்லோருக்கும் அந்த அளவுக்கு அமையாது. ஆனால், இலவசமாக வாசிக்கக் கொடுத்தால் விற்பனை கெடும் என்ற பயம் தேவையில்லை என்பதற்கு இது சான்று.

வாங்கும் வழி ஒரே பார்வையில் தெரிய வேண்டும்

பல ஆசிரியர்களின் தளங்களில் வாழ்க்கைக் குறிப்பு இருக்கும், விருதுகள் இருக்கும், விழாப் படங்கள் நாற்பது இருக்கும். விலை மட்டும் இராது. விலை, தபால் கட்டணம், வங்கிக் கணக்கு விபரம், எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை முதற் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு தட்டில் வட்ஸ்அப்பில் ஓடர் கொடுக்க வசதி செய்யுங்கள். இலக்கத்தை 94 உடன் சேர்த்துக் கொடுங்கள். டோஹாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரவருக்கும் அது உதவும். அவர்களுக்கான தபால் கட்டணம் வேறு என்பதால், நூலை நிறுத்துப் பார்த்துத் தனியாகக் குறிப்பிடுங்கள். கேள்வி வந்தால் அன்றைக்கே பதில் போக வேண்டும்.

வாங்கியவரின் பெயரையும் இலக்கத்தையும் அவர் சம்மதத்துடன் குறித்து வையுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கொப்பிதான் அடுத்த நூலின் முதல். முன்கூட்டியே எத்தனை ஓடர் வருகிறதென்று பார்த்து அச்சிட்டால் கட்டிலுக்குக் கீழே எதுவும் போகாது.

மாஸ்டரின் மருமகனோடு இரண்டு இரவுகள் இருந்து இந்த முறையில்தான் ஒரு தளம் அமைத்தோம். இதை எழுதும் வரை 11 பிரதிகள் தபாலில் போயிருக்கின்றன. பெரிய தொகையல்ல. ஆனால், அந்த 11 பேரில் மாஸ்டருக்கு முன்பே தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். மற்ற ஒன்பது பேரும் நூலைத் தேடி வந்தவர்கள். விழா மண்டபத்துக்கு அவர்களை அழைத்திருக்கவே முடியாது.